121 கொரொல்லா: பிளக் மாத்தியாச்சு, கொயில் மாத்தியாச்சு, மிஸ்ஸிங் மட்டும் போகேல்லை

வெள்ளவத்தை_121
எல்லாருக்கும் வணக்கம். என்ர வண்டி 2003 கொரொல்லா 121. 1.5 லீற்றர், 1என்இசட்-எஃப்ஈ எஞ்சின், ஓட்டோ கியர். ஜப்பானிலயிருந்து ரீகண்டிஷனா வந்தது.

காலையில ஸ்டார்ட் பண்ணினா ஒரு குறையும் இல்லை. காலி வீதியில ஏசி போட்டுக்கொண்டு ட்ரஃபிக்ல ஊர்ந்து, பம்பலப்பிட்டி சிக்னலில கியர் டீ-யில நிற்கேக்கதான் மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டு விட்டு அடிக்கிறது) தொடங்கும். ஸ்டியரிங் நடுங்கும், சீற் நடுங்கும், ஆர்பிஎம் முள் இறங்கி ஏறும். கால் வச்சா முதல் ஒரு இழுவை வராது, பிறகு சடாரெண்டு வரும். புதிய களனிப் பாலம் ஏறேக்க ஒருக்கா செக் எஞ்சின் லைட்டும் வந்திட்டுது. மழை பெஞ்ச அடுத்த நாள் கூடவா இருக்கும். அதிவேக வீதியில ஒரே வேகத்தில போனா அனேகமா தெரியாது.

முதல் கராஜில ஸ்கான் பண்ணி 2ஆம் சிலிண்டரின்ர கொயில் (பிளக்குக்குப் பொறி தாற பாகம்) எண்டு சொல்லி மாத்தினவை. கொஞ்சக் காலம் நல்லா ஓடிச்சுது, திரும்ப வந்திட்டுது. இரண்டாவது கராஜில நாலு பிளக்கும் மாத்தி, த்ரொட்டில் பொடி கழுவித் தந்தவை. அதுவும் அப்பிடித்தான், நல்லா இருந்து திரும்ப வந்தது. இப்ப மூண்டாவது ஆள் ஹெட் கழற்றோணும், வால்வ் போயிருக்கும், எஞ்சின் ஓவர்ஹோல் செய்தால்தான் சரிவரும் எண்டுறார். அதுக்குக் காசு கட்ட முதல் உங்களிட்டக் கேக்கிறன். வீடு மரைன் டிரைவ் பக்கம், வண்டி இரவில வெளியிலதான் நிற்கும்.

ஹவ்லொக்_வாசி
என்ன பெற்றோல் அடிக்கிறீங்கள்? 92ஐ விட்டிட்டு ரெண்டு டாங்க் 95 அடிச்சுப் பாருங்கோ. எனக்கு ஒருக்கா ஒரு ஷெட்டில அடிச்ச பிறகு இப்பிடித்தான் இருந்தது. டாங்கில தண்ணி இருந்தாலும் இதே நடுக்கம்தான் வரும்.

கொட்டாஞ்சேனை_கராஜ்
தம்பி, ஹெட்டைக் கழட்ட யாருக்கும் இப்போதைக்கு வண்டியைக் கொடுத்துராதீங்க. நான் இந்த எஞ்சினோடயே இருக்கிற ஆளு, சொல்றேன்.

மொதல்ல பெற்றோல் விஷயம். இந்த வண்டி ஜப்பான்ல ரெகியூலர் பெற்றோலுக்குச் செஞ்சது. அங்க ரெகியூலருக்குத் தரம் குறைஞ்சது 89 ஒக்டேன். நம்ம 92 தாராளமாப் போதும். 95 அடிச்சா காசு போகும், மிஸ்ஸிங் போகாது. கெட்ட பெற்றோலோ தண்ணியோ வந்தா நாலு சிலிண்டரையும் பிடிக்கும், ஒண்ணை மட்டும் பொறுக்கி எடுத்துத் தொந்தரவு குடுக்காது. அதனால எந்த சிலிண்டர் வேலை செய்யல்லங்கிறதுதான் முதல் கேள்வி.

அந்த மொதல் கராஜ்ல வந்த கோட் நம்பர் என்ன? "கொயில்னு வந்திச்சு"ன்னு சொல்லாதீங்க, நம்பர் வேணும்.

வெள்ளவத்தை_121
நன்றி அண்ணா. பில்லுக்குப் பின்னால எழுதியிருக்கினம்: பி1305. அது ஒண்டு மட்டும்தான். நான் வாங்கி வச்சிருக்கிற ஈஎல்எம்327 எண்ட மலிவு ஸ்கானர் இந்த வண்டியோட பேசவே இல்லை, "தொடர்பு இல்லை" எண்டுதான் வருது. மிஸ்ஃபயர் எண்டால் பி0300, பி0302 எண்டெல்லாம் வரவேணும் எண்டு படிச்சன். அதொண்டும் வரேல்லை. அப்ப இது மிஸ்ஃபயர் இல்லையா?

தெஹிவளை_வயரிங்
தம்பி, நான் ஓட்டோ எலக்ட்ரிகல் வேலை செய்யிறவன். கடைசியாக் கேட்ட கேள்விக்கு முதல்ல வாறன், ஏனெண்டால் நிறையப் பேர் இதில ஏமாறுகினம்.

பி0301 தொடக்கம் பி0304 வரைக்கும் உள்ள கோட்டுகள், கிராங்க் சுத்துற வேகம் எங்க தடுமாறுது எண்டு ஈசீயூ (எஞ்சினின்ர கொம்பியூட்டர்) அளந்து சொல்லுறது. அமெரிக்க வண்டிகளில இது 90களிலயே வந்திட்டுது. ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த வண்டிகளுக்கு மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்கிற ஓபிடி (வண்டி தன்ர பிழையைத் தானே கண்டுபிடிக்கிற முறை) கட்டாயமானது 2008இலதான். அதுக்கு முந்தின வண்டியில பி0302 வரேல்லை எண்டால் மிஸ்ஃபயர் இல்லை எண்டு அர்த்தமில்லை. அந்த ஈசீயூவுக்கு அதைப் பாக்கத் தெரியாமலும் இருக்கலாம். சாக்கெட் 16 பின்னா இருந்தாலும் உள்ள பேசுற முறை வேற எண்டதாலதான் உங்கட மலிவு ஸ்கானர் வாய் திறக்கேல்லை. டொயோட்டாவோட சரியாப் பேசக்கூடிய ஸ்கானர் உள்ள இடத்திலதான் பாக்கோணும்.

இனி பி1305. இந்த எஞ்சினில பி1300 முதலாம் சிலிண்டர், 1305 இரண்டு, 1310 மூண்டு, 1315 நாலு. இக்னைட்டர் (கொயிலை இயக்கிற மின்சுவிட்ச்) சேர்க்கிட் பிழை. கொயில் பிழை எண்டு அது சொல்லேல்லை. சேர்க்கிட் எண்டால் கொயிலும் அதுக்கு வாற வயரும் கனெக்டரும் சேந்ததுதான். ஒவ்வொரு கொயிலுக்குள்ளயும் இக்னைட்டர் இருக்கு, நாலு வயர் போகுது: ஒண்டு 12 வோல்ட், ஒண்டு ஏர்த், ஒண்டு ஈசீயூ "இப்ப அடி" எண்டு அனுப்புற சிக்னல், மற்றது "அடிச்சிட்டன்" எண்டு கொயில் திருப்பி அனுப்புற சிக்னல். அந்தத் திரும்புற சிக்னல் வராட்டி ஈசீயூ இந்தக் கோட்டை எழுதும். நாலு வயரில எது விட்டாலும் வரக்கூடிய கோட் இது.

கொயில் மாத்தினவர் கோட்டைப் பாத்துத்தான் மாத்தியிருக்கிறார், ஆனால் பாதிச் சேர்க்கிட்டைத்தான் மாத்தியிருக்கிறார்.

கொட்டாஞ்சேனை_கராஜ்
அண்ணன் சொன்னது சரி. ஆனா நான் வயருக்குப் போறதுக்கு முந்தி ரெண்டு விஷயத்தை ஒதுக்கி வைப்பேன். தம்பி, இதைச் செய்யுங்க.

ஒண்ணு, நடுங்கும்போதே பானட்டைத் திறந்து, இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாருங்க. நல்ல சிலிண்டரைக் கழட்டினா எஞ்சின் இன்னும் மோசமாகும். செத்த சிலிண்டரைக் கழட்டினா ஒரு மாற்றமும் இருக்காது. கொயிலைக் கழட்டிப் பாக்கிற பழக்கம் வேணாம். ஸ்பார்க் இல்லாம பெற்றோல் மட்டும் உள்ள போனா அது எரியாம கன்வேர்ட்டருக்கு (சைலன்சர் வழியில புகையைச் சுத்தம் செய்யிற பாகம்) போய் அங்க எரியும். இன்ஜெக்டரைக் கழட்டினா பெற்றோலே போகாது, கன்வேர்ட்டர் தப்பும். கையில சூடு படாமப் பாருங்க, ஃபேன் பெல்ட் பக்கம் கவனம்.

ரெண்டு, 2ஆம் கொயிலை எடுத்து 3க்குப் போடுங்க, 3ஐ எடுத்து 2க்கு. கோட்டை அழிச்சிட்டு ஓட்டுங்க. திரும்ப வரும்போது 1310ன்னு வந்தா கொயில்தான். 1305ன்னே வந்தா கொயிலை மறந்துருங்க. ஒரு சதம் செலவில்ல. ஒரே நேரத்துல பிளக்கையும் கொயிலையும் சேர்த்து மாத்தாதீங்க, பிறகு எது எதுன்னு தெரியாமப் போயிரும்.

பத்தரமுல்லை_ஓட்டி
நான் இடையில வாறன், மன்னிக்கவும். சூடானாப் பிறகு ஐட்லில மட்டும் நடுங்குது எண்டால் வால்வ் கிளியரன்ஸையும் யோசிக்கோணும். இந்த எஞ்சினில ஹைட்ரோலிக் லிஃப்டர் (வால்வ் இடைவெளியைத் தானே சரிபண்ணுற பாகம்) இல்லை. குளிர்ந்த நிலையில இன்டேக் 0.15 தொடக்கம் 0.25 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட் 0.25 தொடக்கம் 0.35. எக்ஸோஸ்ட் வால்வ் தேஞ்சு இடைவெளி இறுகினா சூட்டில முழுசா மூடாது, ஐட்லில கொம்ப்ரஷன் விடும், வேகத்தில தெரியாது. இடையில யாராவது காஸ் கிட் பூட்டி ஓடின வண்டியா? அப்பிடியெண்டால் இது இன்னும் கூடச் சாத்தியம். அந்த மூண்டாவது கராஜ் ஆள் சும்மா சொல்லியிருக்கமாட்டார்.

கொட்டாஞ்சேனை_கராஜ்
நீங்க சொல்ற நோய் இருக்கிற நோய்தான், நான் மறுக்கல்ல. ஆனா வால்வ் போனா பி1305 எப்படி வரும்? வால்வுக்கும் இக்னைட்டருக்கும் சம்பந்தமே இல்லையே. அதோட கொயிலைத் தொட்டதும் நல்லாகி, பிளக்கைத் தொட்டதும் நல்லாகி, திரும்ப வருதுன்னு தம்பி சொல்றார். எரிஞ்ச வால்வ் பிளக் மாத்தினா ஒரு மாசம் நல்லாகாது.

சந்தேகம் வேணாம்னா கொம்ப்ரஷன் பார்த்துரலாம். எஞ்சின் சூடா இருக்கணும், நாலு பிளக்கையும் கழட்டணும், இன்ஜெக்டர் கனெக்டர் எல்லாம் கழட்டணும், எக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு கிராங்க் பண்ணணும். பற்றரி பலமா இருக்கணும். மனுவல்ல 213 பிஎஸ்ஐ, குறைஞ்சது 156, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 14க்கு மேல போகக்கூடாது. அந்த வித்தியாசம்தான் முக்கியம். மீற்றருக்கு மீற்றர் நம்பர் மாறும்.

நாவலை_சன்னி
தம்பிமார், இதே இழையில நானும் ஒண்டு கேக்கலாமோ? என்ர நிசான் சன்னி எஃப்பி14. மழை பெய்த காலையில ஸ்டார்ட் பண்ணினா தடக் தடக்கெண்டு இழுக்கும், பத்து நிமிஷத்தில சரியாகிடும். வெய்யில் நாளில ஒண்டும் இல்லை. எமிஷன் டெஸ்டுக்கு நாள் கிட்டுது, அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கேலாது. இந்த நிலைமையில கொண்டு போனா ஃபெயிலாகுமோ?

தெஹிவளை_வயரிங்
அக்கா, உங்கட வண்டி கொயில்-ஒன்-பிளக் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர். தம்பியின்ர நோய் சூட்டில வருது, உங்கட நோய் குளிரிலயும் ஈரத்திலயும் வருது. ரெண்டும் வேற.

மழை பெய்த இரவு, வெளிச்சம் இல்லாத இடத்தில எஞ்சினை ஓடவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கோ. பிளக் வயர் பழசாயிருந்தால் நீலமாப் பொறி ஓடும். தெரியாட்டி ஸ்ப்ரே போத்தலால லேசாத் தண்ணி தூவிப் பாருங்கோ, வயரில கை வைக்கவே வேண்டாம். பிறகு எஞ்சினை நிப்பாட்டி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கோ. நடுவில இருக்கிற கரிப் பொத்தான் தேஞ்சிருக்கா, சுத்தி இருக்கிற செப்புக் காலுகளில வெள்ளைப் பொடி கட்டியிருக்கா, காலுக்குக் காலு இடையில தலைமயிர் மாதிரி ஒரு கறுப்புக் கோடு போகுதா எண்டு. அந்தக் கோடு இருந்தால் கழுவிப் பிரயோசனம் இல்லை, மூடியும் ரோட்டரும் மாத்தோணும். உள்ள ஒயில் ஈரம் இருந்தால் அதையும் சொல்லுங்கோ, அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளதான் ஒளியால அளக்கிற கிராங்க் சென்சர் இருக்கு, ஒயில் பட்டால் அதுவும் குழம்பும்.

எமிஷனுக்கு வண்டி மிஸ் அடிக்கேக்க கொண்டு போனால் எரியாத பெற்றோல் எச்.சி. (ஹைட்ரோகார்பன்) எண்டு கூடக் காட்டும், ஃபெயிலாகத்தான் சாத்தியம். சரிபண்ணிப்போட்டு, நல்லாச் சூடாக்கிக் கொண்டு போங்கோ.

வெள்ளவத்தை_121
அண்ணாமார், சொன்னபடி செய்தன். மெக்கானிக்குகள் எண்டு சொல்லுறவையை விட நீங்கள் சொன்னதில தெளிவு இருந்தது, அதால பொறுமையாச் செய்தன்.

ஞாயிறு பின்னேரம் ஏசி போட்டு காலி வீதியால தெஹிவளை வரைக்கும் போய் வந்து, நடுக்கம் தொடங்கினவுடன வீட்டு வாசலில நிப்பாட்டி இன்ஜெக்டர்களைக் கழற்றினன். 1, 3, 4 கழற்றேக்க எஞ்சின் நிற்கப் பாத்தது. 2 கழற்றேக்க ஒரு மாற்றமும் இல்லை. அப்ப 2தான்.

கொயில் 2ஐயும் 3ஐயும் மாத்திப் போட்டன். இப்ப வண்டி அருமையா ஓடுது. நடுக்கமே இல்லை. கோட்டும் இல்லை. எனக்கு விளங்கேல்லை, கொயில்தான் பிழை எண்டால் 3இல வந்திருக்கோணுமே?

பிளக்குகளையும் பாத்தன். 2இல ஈரமா பெற்றோல் மணம், மற்ற மூண்டும் லேசான மண்ணிறம். பிளக்கின்ர வெள்ளைப் பீங்கானில இரும்பை ஒட்டி ஒரு மண்ணிற வளையம் நாலிலயும் இருக்கு. அது காஸ் லீக்கா?

கொட்டாஞ்சேனை_கராஜ்
அந்த மண்ணிற வளையம் லீக் இல்ல, பயப்படாதீங்க. உயர் வோல்டேஜ் சுத்தி இருக்கிற ஒயில் தூசியை இழுத்து ஒட்ட வைக்கிற கறை. துடைச்சாலும் முழுசாப் போகாது, ஒண்ணும் செய்யாது. பயப்பட வேண்டியது மேலிருந்து கீழ வர்ற கறுப்புக் கோடு, பென்சிலால கீறினாப்புல மெல்லிசா இருக்கும். ஸ்பார்க் நுனிக்குப் போகாம வெளியால பாயிற வழி அது. அது இருந்தா பிளக்கும் கொயிலின்ட ரப்பர் பூட்டும் ரெண்டையும் சேர்த்து மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தினா பழசு புதுசைக் கெடுத்துரும். பிளக் குழிக்குள்ள ஒயில் இருந்திச்சா?

வெள்ளவத்தை_121
இல்லை அண்ணா, நாலு குழியும் காய்ஞ்சு இருக்கு. கறுப்புக் கோடும் இல்லை.

தெஹிவளை_வயரிங்
தம்பி, "கொயிலை மாத்திப் போட்டன், நல்லாகிட்டுது" எண்டு எழுதினீங்கள். முதல் கராஜில கொயில் மாத்தினவுடன நல்லாச்சு. இரண்டாவதில பிளக் மாத்தினவுடன நல்லாச்சு. இப்ப ஒண்டும் புதுசாப் போடாமல், இருந்ததை இடம் மாத்தினவுடனயும் நல்லாச்சு. இந்த மூண்டு வேலைக்கும் பொதுவா என்ன இருக்கு எண்டு பாருங்கோ. பிளக்கைக் கழற்றவேணும் எண்டாலும் கொயிலைக் கழற்றோணும். கொயிலைக் கழற்ற முதல் கனெக்டரைக் கழற்றோணும். மூண்டு தரமும் 2ஆம் கனெக்டரை இழுத்துத் திரும்ப அழுத்தியிருக்கினம். அந்த நேரம் பின்னில பிடிச்ச களிம்பு உரசுப்பட்டுப் போகும், தொடர்பு நல்லா வரும். பிறகு சூட்டிலயும் நடுக்கத்திலயும் கொஞ்சம் கொஞ்சமா விடும், திரும்பக் களிம்பு பிடிக்கும், திரும்ப மிஸ் அடிக்கும். கராஜ் ஆள் தான் போட்ட பார்ட்ஸ்தான் சரிபண்ணினது எண்டு நினைப்பார், நீங்களும் நினைப்பீங்கள்.

நீங்கள் இருக்கிறது மரைன் டிரைவ். கடல் காற்றில வாற உப்பு ஈரத்தை இழுத்து வச்சிருக்கும். மழைக்கு அடுத்த நாள் கூடவா இருக்கிறதுக்கும் இதே காரணம் பொருந்தும்.

இப்ப அது நல்லா ஓடுது எண்டு விட்டிடாதீங்கோ. மேல் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப்போட்டு, எஞ்சின் ஓடேக்கயே 2ஆம் கனெக்டருக்கு ஒரு சாண் தள்ளி வயரைப் பிடிச்சு மெல்ல மேல, கீழ, பக்கவாட்டா அசைச்சுப் பாருங்கோ. காப்புறை வெடிச்ச வயரைத் தொடாதீங்கோ, ரப்பர் கையுறை போடுங்கோ. பிறகு எஞ்சினை நிப்பாட்டி கனெக்டரைக் கழற்றி வெளிச்சம் அடிச்சுப் பாருங்கோ. ஃபோட்டோ போடுங்கோ.

ஹவ்லொக்_வாசி
இப்பதான் எனக்கும் விளங்குது. இதைக் கேட்டதுக்குப் பிறகு பெற்றோல் கதையை நான் விடுறன். ஒரு கேள்வி மட்டும்: இன்டேக் மனிஃபோல்ட் கஸ்கெட்டால காற்று இழுத்தாலும் ஐட்லில நடுங்குமே? அதை எப்பிடி ஒதுக்கினீங்கள்?

கொட்டாஞ்சேனை_கராஜ்
நல்ல கேள்வி. காற்று இழுத்தா அளக்காத காற்று உள்ள வரும், ஈசீயூ பெற்றோலைக் கூட்டிக்கிட்டே போகும். ஸ்கானர்ல லோங் டேர்ம் ஃபியூல் ட்ரிம் (ஈசீயூ பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற கணக்கு) ஐட்லில பெரிய ப்ளஸ்ல நிக்கும், 2500 ஆர்பிஎம்க்கு ஏத்தினா குறைஞ்சு வரும். ஐட்லில எஞ்சின் எடுக்கிற மொத்தக் காத்தே கொஞ்சம், அதுல ஓட்டையால வர்றது பெரிய பங்கு. வேகத்துல மொத்தக் காத்து கூடும், ஓட்டையின்ட பங்கு சிறுசாயிரும். அதோட மனிஃபோல்ட் லீக் சூடேறினா அனேகமாக் குறையும், ஏன்னா பிளாஸ்டிக்கும் ரப்பரும் விரிஞ்சு அடைக்கும். தம்பிக்கு நேர் எதிர்.

வெள்ளவத்தை_121
ஃபோட்டோ போட்டிருக்கிறன், பாருங்கோ.

மூடியைக் கழற்றினவுடனயே கண்டன். 2ஆம் கனெக்டரின்ர பூட்டு நாக்கு உடைஞ்சு போயிருக்கு. யாரோ ஒரு கறுப்பு கேபிள் டையால கொயிலோட சேத்துக் கட்டியிருக்கினம். கட்டின பக்கம் இறுக்கமா இருக்கு, மற்றப் பக்கம் விரல் நகம் போற அளவுக்கு விலகியிருக்கு. வயரை மேல தூக்கேக்க எஞ்சின் உடனே தடுமாறிச்சுது, விட்டவுடன சரியாச்சு. நாலைஞ்சு தரம் செய்து பாத்தன், ஒவ்வொரு தரமும் அதேதான்.

கனெக்டரைக் கழற்றி உள்ள பாத்தால் நாலு ஓட்டையில மூண்டு மினுங்குது. ஒண்டில மட்டும் பச்சைப் பொடி. அந்த வயர் வெள்ளை, அதில கறுப்புக் கோடு.

தெஹிவளை_வயரிங்
வெள்ளையில கறுப்புக் கோடு டொயோட்டாவில ஏர்த் வயர். கொயிலின்ர ஏர்த்தே போயிருக்கு. ஸ்பார்க் பலவீனமாகும், இக்னைட்டரின்ர திரும்பல் சிக்னலும் குழம்பும், பி1305 வரும். எல்லாம் பொருந்துது.

பச்சையைச் சுத்தம் செய்திட்டு விட்டால் போதும் எண்டு நினைக்காதீங்கோ. உள்ளுக்கிருக்கிற பெண் டெர்மினலின்ர பிடி விட்டிருக்கும். பழைய கொயில் ஒண்டு வச்சிருக்கிறீங்கள்தானே, அதில இருக்கிற ஒரு பின்னை வெட்டி எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலயும் நுழைச்சு இழுத்துப் பாருங்கோ. நல்லதில இழுக்கேக்க ஒரு பிடிப்புத் தெரியும். விட்டதில சும்மா வழுக்கிக்கொண்டு வரும். மல்டிமீற்றர் முனையை ஓட்டைக்குள்ள திணிச்சு அளந்தால் டெர்மினல் விரிஞ்சிடும். அளக்கோணும் எண்டால் பின்பக்கத்தால வயரோட சேத்து மெல்லிய ஊசியை விட்டு அளக்கோணும்.

மல்டிமீற்றரில ஓம்ஸ் பாத்தால் அந்த வயர் நல்லது எண்டுதான் காட்டும், ஏனெண்டால் மீற்றர் அனுப்புறது மிகச் சின்னக் கரண்ட். கொயில் இழுக்கிறது அம்பியர் கணக்கில. அதால 12 வோல்ட் பல்ப் ஒண்டை பற்றரி ப்ளஸுக்கும் அந்த ஏர்த் டெர்மினலுக்கும் இடையில மாட்டி, வயரை அசைச்சுப் பாக்கிறதுதான் நல்ல சோதனை. வெளிச்சம் மங்கினால் அங்கதான் பிழை. எஞ்சின் ஓடேக்க அந்த ஏர்த் வயருக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில 0.1 வோல்ட்டுக்கு மேல இருக்கக்கூடாது.

பத்தரமுல்லை_ஓட்டி
பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். கொம்ப்ரஷனும் ஒருக்கால் பாத்திட்டீங்கள் எண்டால் ஹெட் கதைக்கு முழுசா முற்றுப்புள்ளி. நான் பிடிவாதத்தில சொல்லேல்லை, பழைய வண்டியில ரெண்டு நோய் ஒண்டாவும் இருக்கும்.

வெள்ளவத்தை_121
அதுவும் பாத்தாச்சு அண்ணா, கிருலப்பனையில தெரிஞ்ச ஒருத்தரிட்ட மீற்றர் இருந்தது. 1இல இருந்து 4 வரைக்கும் 185, 182, 186, 184. காஸ் கிட் பூட்டின அடையாளமும் இல்லை.

இனி கனெக்டருக்கு என்ன செய்யிறது? புதுசாக் கிடைக்குமா, இல்லாட்டி பழைய பார்ட்ஸ் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போகவா?

கொட்டாஞ்சேனை_கராஜ்
185க்கு 182. இந்த எஞ்சினை ஓவர்ஹோல் பண்ணச் சொன்னது பெரிய அநியாயம் தம்பி. 20 வருஷத்துக்கு மேல ஓடின எஞ்சினுக்கு இது அருமையான கணக்கு.

பஞ்சிகாவத்தைக்குப் போங்க. "121 கொயில் சொக்கெட், வயரோட" ன்னு கேளுங்க. வெட்டின ஹார்னஸ்ல இருந்து எடுத்துத் தருவாங்க. வாங்கும்போது மூணு விஷயம்: வயர் அரை அடியாவது இருக்கணும், பூட்டு நாக்கு கையால அழுத்தும்போது வளையணும், உடையக்கூடாது, உள்ள பச்சை இருக்கக்கூடாது. எஞ்சின் சூட்டுல கிடந்த பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும், கடையில வச்சே அழுத்திப் பாருங்க. நாலு சொக்கெட்டும் ஒரே ஹார்னஸ்ல கிடைச்சா நாலையும் வாங்கிருங்க.

தெஹிவளை_வயரிங்
பொருத்தேக்க ஒவ்வொரு வயரா வெட்டிப் பொருத்துங்கோ, நாலையும் ஒண்டா வெட்டினால் நிறம் மாறுப்படலாம். 12 வோல்ட்டும் சிக்னலும் இடம் மாறினால் ஈசீயூ போற கதை. பற்றரி மைனஸைக் கழற்றிப்போட்டு வேலை செய்யுங்கோ. இணைப்பு நாலும் ஒரே இடத்தில வராமல் முன்னப்பின்ன வையுங்கோ. நல்ல கிரிம்ப் போட்டு, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால மூடுங்கோ. ஈயம் பத்த வைக்கிறது எண்டால் வயர் வளையிற இடத்தில வைக்கவேண்டாம், ஈயம் ஊறின இடம் விறைச்சு, நடுக்கத்தில அதுக்குப் பக்கத்தில முறியும்.

நாவலை_சன்னி
தம்பி, இடையில என்ர விஷயத்தையும் சொல்லிட்டுப் போறன். இரவில பாத்தன், 3ஆம் வயர் மூடிக்குள்ள போற இடத்தில நீலப் பொறி ஓடுது. மூடியைக் கழற்றினால் நீங்கள் சொன்ன அதே கறுப்புக் கோடு, ரெண்டு காலுக்கு நடுவில. உள்ள ஒயில் இல்லை. மூடி, ரோட்டர், வயர் செற் மூண்டும் மாத்தினாச்சு. இப்ப மழைக்காகக் காத்திருக்கிறன்.

தெஹிவளை_வயரிங்
நல்லது அக்கா. வயர் செற் மாத்தேக்க இழுத்த பக்கத்தால ஒண்டோடொண்டு உரசாமல் கிளிப்பில பிடிச்சு விட்டிருக்கினமோ எண்டும் பாருங்கோ. பக்கத்துப் பக்கத்தில ஒட்டி ஓடினால் ஒண்டின்ர ஸ்பார்க் மற்றதில ஏறும்.

வெள்ளவத்தை_121
எல்லாருக்கும் அறிவிக்கிறன்.

பஞ்சிகாவத்தையில நாலாவது கடையிலதான் நல்ல சொக்கெட் கிடைச்சது. முதல் மூண்டிலயும் நாக்கை அழுத்தினவுடன உடைஞ்சுது, கடைக்காரரே அடுத்ததைத் தந்து "இதப் பாருங்க" எண்டார். 2க்குப் புதுச் சொக்கெட் போட்டாச்சு, கேபிள் டை குப்பையில. பின் சோதனையில 3இலயும் ஏர்த் ஓட்டையில பிடி குறைவா இருந்தது, அதையும் மாத்தினன். 1உம் 4உம் நல்லா இருக்கு, சும்மா களிம்பு துடைச்சு விட்டன். தலைக்கு வாற ஏர்த் போல்ட்டையும் கழற்றித் தேச்சு இறுக்கினன், அதிலயும் பச்சை இருந்தது.

பிறகு தென்மேல் பருவ மழையில முழுசா ஓடியாச்சு. காலி வீதி வெள்ளத்துக்குள்ள நிண்டு ஊர்ந்து வந்தன், ஏசி போட்டபடி. நடுக்கம் இல்லை. வயரைப் பிடிச்சு எப்பிடி ஆட்டினாலும் எஞ்சின் அசையேல்லை. ஸ்கானரில கோட் இல்லை. எஞ்சின் ஓடேக்க ஏர்த்தில 0.02 வோல்ட்.

தெஹிவளை அண்ணா, கொட்டாஞ்சேனை அண்ணா, நீங்கள் இல்லாட்டி அந்த எஞ்சினை இப்ப மேசையில பிரிச்சு வச்சிருப்பினம். மனம் நிறைஞ்ச நன்றி.

கொட்டாஞ்சேனை_கராஜ்
சந்தோஷம் தம்பி. ஒண்ணு மட்டும் கேக்கிறேன், அந்த மொதல் கராஜ்ல கழட்டின பழைய கொயில் இன்னும் இருக்கா? பின் வெட்டினது அதுலதானா, வேற கொயில்லயா? அது நல்ல கொயிலாத்தான் இருக்கணும்.

வெள்ளவத்தை_121
இல்லை அண்ணா, பின் வெட்டினது பஞ்சிகாவத்தையில கடைக்காரர் சும்மா தந்த செத்த கொயிலில. கழற்றின பழைய கொயில் முழுசா இருக்கு. நேற்று அதை 4இல போட்டு ஓடிப் பாத்தன், ஒரு குறையும் இல்லை. இப்ப டிக்கியில ஸ்பெயராக் கிடக்குது.

நாவலை_சன்னி
நேற்று இரவு நாவலையில நல்ல மழை. காலையில ஒரே ஸ்டார்ட், இழுப்பு இல்லை. அடுத்த கிழமை எமிஷனுக்குக் கொண்டு போறன், வந்து எழுதிறன்.